அப்பாவின் நாற்பத்தொரு புள்ளி

எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்டது ஓர் எண். நாற்பத்தொன்று. அறுபதுக்கு நாற்பத்தொன்று. அப்பா பத்து வயதில், மிஷன் பள்ளிக்கூடத்தில், புத்திச் சோதனை ஒன்றில் எடுத்த புள்ளி அது. கடல் கடந்து வந்திருந்த ஒரு மிசியம்மா, தன் ஊரில் அச்சடித்த சோதனையைத் தமிழாக்கி, சிறு புத்தகமாகத் தைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வைத்தாராம். அப்பாவுக்குத்தான் கூடிய புள்ளி. மிசியம்மா அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்து, சோதனைப் புத்தகத்தில் ஒரு பிரதியையும் அவருடைய விடைத்தாளையும் பரிசாகக் கொடுத்தாராம். அன்றைக்கு நீட்டிய கையை அப்பா சாகும்வரை மடக்கவில்லை.

அரியாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த நாற்பத்தொன்றைக் கேளாமல் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனவர் எவரும் இல்லை. போதகர் கேட்டார், தபால்காரர் கேட்டார், ஓடு மாற்ற வந்தவர் ஏணியில் நின்றபடியே கேட்டார். அப்பா படித்துப் பட்டம் பெற்றதும் தலைமை ஆசிரியர் ஆனதும் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அதெல்லாம் உழைத்தால் எவனுக்கும் கிடைக்கும், இது பிறப்பிலேயே வந்தது என்பார். நாள் முழுக்கப் பிள்ளைகளை உழைக்கச் சொல்லிப் பிரம்பு பிடித்த மனிதரின் வாயில் இப்படியொரு வார்த்தை.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எங்களில் ஒருவருக்குப் பத்து வயது நிறையும் நாளில், காலை ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசை துடைக்கப்படும். அப்பா அலுமாரியைத் திறந்து, பெரிய வேதப்புத்தகத்தைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கும் சோதனைப் புத்தகத்தை எடுத்து, விடைகள் உள்ள பின்பக்கங்களை நூலால் கட்டிவிட்டு மேசையில் வைப்பார். ஒரு பென்சில், ஒரு வெள்ளைத் தாள், அவருடைய சட்டைப்பை மணிக்கூடு. ஒரு மணித்தியாலம். அம்மா கேக்கை ஒரு துணியால் மூடி வைத்துவிட்டுக் குசினி வாசலில் பேசாமல் நிற்பார். புள்ளி போட்ட பிறகுதான் கேக். பிறந்தநாளில் பிள்ளையின் தலையை நிறுத்துப் பார்த்துவிட்டு இனிப்புக் கொடுத்த குடும்பம் இந்தக் குடாநாட்டில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதை ஒரு பெருமையாக வேறு வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நான், தம்பி. அண்ணனுக்கு முப்பத்தொன்பது வந்தது. மூத்த பிள்ளை என்பதால், அதற்கு ஓராண்டு முன்னதாகவே அப்பா அவரைப் பக்கத்தில் இருத்தி, அதே சாயலில் தானே கேள்விகள் கட்டிப் போட்டுப் பழக்கியிருந்தார். அதைப் பயிற்சி என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவும் மகனும் பின்னேரங்களில் விளையாடினார்கள் என்பதுதான் வீட்டுச் சரித்திரம்.

எனக்கு நாற்பது. இதை நான் இதுவரை எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன்: அது களவெடுத்த நாற்பது. என் பிறந்தநாளுக்கு முந்திய கிழமை அப்பா சபைக் கூட்டங்களுக்குப் போய்வந்த மூன்று மத்தியானங்களில், அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, பின்பக்கத்து விடைகளோடு சேர்த்து மனப்பாடம் செய்தேன். அறுபதும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அப்பாவை மிஞ்சினால் சந்தேகம் வரும், மரியாதையும் அல்ல. ஆகையால் இருபது கேள்விகளுக்கு வேண்டுமென்றே பிழையாக எழுதினேன். அப்பாவைவிட ஒன்று குறைவு, அண்ணனைவிட ஒன்று கூட. பத்து வயதில் இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவளுக்கு அந்தக் கேள்விகளை நேராகவே செய்து பார்க்கத் துணிவு வரவில்லை. அப்பா என் நெற்றியில் முத்தமிட்டார். அம்மா கேக்கின் பெரிய துண்டை எனக்குத் தந்தார். நான் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்துத் தம்பியின் முறை வந்தது. அவனுக்கு இருபத்துமூன்று.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. செங்குத்தான கூரையுள்ள ஒரு வீடு, இரண்டு யன்னல், ஒரு கதவு. இதில் குறைவது என்ன என்பது கேள்வி. புகைபோக்கி என்பது விடை. தம்பி, கிணறு என்று எழுதியிருந்தான். இன்னொன்று, ஆடும் மரமும் எந்த வகையில் ஒத்தவை என்று கேட்டது. இரண்டும் உயிருள்ளவை என்பது விடை. ஆட்டை மரத்தில்தான் கட்டுவது என்று எழுதியிருந்தான் தம்பி. அப்பா இரண்டையும் உரக்க வாசித்துக் காட்டினார். அண்ணன் சிரித்தார். அண்ணன் சிரித்ததால் நானும் சிரித்தேன். அன்றைக்கும் கேக் வெட்டினார்கள், ஆனால் யாரும் பாட்டுப் பாடவில்லை.

"உவனுக்கு ஏறாது" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. அந்த இரண்டு சொல்லோடு காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு தம்பியின் கொப்பிகளை அப்பா திறந்து பார்க்கவே இல்லை. பதினைந்து வயதில் அவனைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி, தனக்குத் தெரிந்த ஒருவரிடம், மயிலிட்டியில் படகு எஞ்சின் திருத்தும் வேலைக்கு விட்டார். வாத்தியார் வீட்டுப் பிள்ளை கடற்கரையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறான் என்று ஊர் கதைத்தபோது, அப்பா வெட்கப்படவில்லை. சோதனை சொன்னதைத்தானே செய்தேன் என்றார்.

நானும் சளைத்தவளல்ல. நான் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் இருந்தபோது தம்பி மயிலிட்டியிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுவான். அவன் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் திருத்தி, அதே கடிதத்தைத் திரும்ப அவனுக்கே அனுப்பினேன். மூன்று தரம் அப்படிச் செய்தேன். நான்காவது கடிதம் வரவில்லை. அப்போது எனக்கு அது ஒரு வெற்றி போல இருந்தது. களவெடுத்த நாற்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி காட்டக்கூடிய திமிரை எல்லாம் நான் காட்டினேன்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். அப்பா பிறந்து நூறு வருடம். அண்ணன் இளைப்பாறிய பொறியியலாளர், நான் இளைப்பாறிய ஆசிரியை, இருவரும் பழைய வீட்டிலேயே அவர் பாதி நான் பாதியாக இருக்கிறோம். இளைப்பாறிய மனிதர்களுக்கு நினைவு மலர் வெளியிடுவதைப் போல இனிப்பான வேலை வேறில்லை. அண்ணன் மலருக்குக் கட்டுரை எழுதினார், வாழ்த்துச் செய்தி கேட்டு வாங்கினார், அப்பாவின் படத்தைப் பழுது நீக்க ஸ்டூடியோவுக்குக் கொண்டு ஓடினார். எழுத்துப் பிழை பார்க்கிற வேலை எனக்கு. சிவப்பு மை என்னை விடுகிறதாய் இல்லை.

ஒருநாள் அண்ணன் சோதனைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்து விறாந்தைக்கு வந்தார்.

"அப்பாவின்ரை மூளை நாலாம் தலைமுறையிலும் நிக்குது எண்டு மலரிலை ஒரு வசனம் போடவேணும்" என்றார். "ரெண்டு பேரப்பிள்ளையளுக்கும் இதைக் குடுத்துப் பாப்பம். எப்பிடியும் நாப்பதுக்குக் கிட்ட வரும்."

இரண்டு பேரப்பிள்ளைகள் என்றது அவருடைய மகளின் மகனையும், தம்பியின் மகளின் மகளையும். இரண்டுக்கும் பத்து வயது, இரண்டும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிற உருப்படிகள். தம்பியின் பேத்தியை அவர் கூப்பிட்டது அன்பினால் அல்ல. தன் பேரன் நாற்பதும் அவள் இருபதும் எடுத்தால் வசனம் இன்னும் அழகாக அமையும் என்று நினைத்திருப்பார். ஐம்பது வருடம் ஒரே வீட்டில் பழகிய எனக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே அது விளங்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். அதே சாப்பாட்டு மேசை, கேள்விப் பக்கங்களின் போட்டோப்பிரதி ஆளுக்கொன்று. அண்ணன் அப்பாவின் மணிக்கூட்டைத் தேடி எடுத்து வைத்தார். அது ஓடவில்லை, ஆகவே கைத்தொலைபேசியையும் பக்கத்தில் வைத்தார். ஒரு மணித்தியாலம் வேண்டியிருக்கவில்லை. இருபது நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளும் பென்சிலை வைத்துவிட்டு, முடிந்தது என்றன. அண்ணன் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திருத்தினார். பேரனுக்கு ஐம்பத்தைந்து. அவர் முகம் பூத்தது. பேத்திக்கு ஐம்பத்தேழு. அவர் இரண்டாம் தரம் எண்ணினார், மூன்றாம் தரமும் எண்ணினார். பிறகு மெல்ல நாற்பத்தொன்றை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

நான் பேத்தியிடம், இதை எப்படி இவ்வளவு கெதியாய்ச் செய்தாய் என்று கேட்டேன்.

"இது சுத்துற ரைப், ஆச்சி" என்றாள் அவள், ஒரு பக்கத்தைக் காட்டி. "முதல் பெட்டியையும் கடைசிப் பெட்டியையும் பாத்தாப் போதும். நடுவிலை பாக்கிறது நேரம் வீண். இது கூடுற ரைப். இது கண்ணாடி ரைப். இதுகள் மூண்டாம் வகுப்பிலையே முடிச்சிட்டம்."

"புகைபோக்கி உனக்கு எப்பிடித் தெரியும்? நீ ஒரு புகைபோக்கியும் கண்டிருக்க மாட்டாயே."

"காட்டூனிலை எல்லா வீட்டிலையும் இருக்கும். படத்திலை வீடு வந்தா அது இருக்கோணும். ஏன், நீங்கள் பாக்கிறேல்லையோ?"

ரியூசன் வாசலில் தொங்குகிற பதாகைகளை நான் தினமும் பார்க்கிறேன். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் முகங்களைத் தேர்தலில் நிற்பவர்களைப் போல வரிசையாகப் போட்டு, கீழே அவரவர் புள்ளி. சந்திக்குச் சந்தி அவை காற்றில் ஆடுகின்றன. எட்டு வயதிலிருந்தே மாதிரி வினாத்தாள், மணிக்கூடு, மாதிரி வினாத்தாள், மணிக்கூடு. இந்தக் கேள்விகள்தான் இவர்களுக்குக் காலைச் சாப்பாடு. உயிருள்ளவை, உயிரற்றவை என்று முதலாம் வகுப்பிலேயே உலகத்தை இரண்டு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இவர்களிடம் ஆடும் மரமும் என்றால், ஆட்டையும் நினையாமல் மரத்தையும் நினையாமல் உயிருள்ளவை என்று வாய் சொல்லும். இதைப் புத்தி என்று அழைத்துப் பதாகை கட்டுபவர்களை நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஆனாலும் அந்தச் சின்னப் பெட்டை முட்டாள் அல்ல. அதை நான் அன்றே கண்டுகொண்டேன். அவள் சும்மா இருக்க அலுப்புப்பட்டு, மேசையில் கிடந்த புத்தகத்தின் ஒட்டு விட்ட பின்னட்டையைக் கிளறி, அதன் மடிப்புக்குள் மறைந்திருந்த பழுப்பேறிய தாளை இழுத்து எடுத்தாள். அப்பாவின் விடைத்தாள். எங்களில் ஒருவருக்கும் அதைக் காட்டாமலே அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

"ஆச்சி, இவரும் கிணறு எண்டுதான் எழுதியிருக்கிறார்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளையின் குண்டு எழுத்தில், கிணறு. அதன்மேல் மிசியம்மாவின் பெருக்கல் குறி. தான் எழுதிய அதே சொல்லை, முப்பத்தைந்து வருடம் கழித்துத் தன் மகன் எழுதியபோது, அப்பா உரக்க வாசித்துச் சிரிக்க வைத்திருக்கிறார். எனக்கு அந்த மனிதரில் வந்த அருவருப்பைச் சொல்ல முடியாது.

அண்ணன் அத்தோடு நிறுத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் மானத்தைக் காப்பாற்ற, ஒழுங்கையில் உள்ள பத்து வயதுப் பிள்ளைகளை எல்லாம் பிடித்து வந்து சோதித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படி என்று காட்டப் போனார். ஒருவரும் ஐம்பதுக்குக் கீழே இல்லை. எங்கள் வளவில் தேங்காய் பிடுங்க வருகிறவரின் மகளுக்கு ஐம்பத்தெட்டு. பத்துப் பிள்ளைகள் எழுதினார்கள். அப்பாவையும் அந்த வரிசையில் நிறுத்தினால் அவர் பதினோராவது.

பொறியியலாளர் அல்லவா, அண்ணன் கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து வந்து, ஏதோ தன் வீட்டில் நடந்த அநியாயத்தைச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். இது உலகம் முழுக்க நடக்கிறதாம். தலைமுறைக்குத் தலைமுறை இந்தச் சோதனைகளில் புள்ளி ஏறிக்கொண்டே வந்திருக்கிறதாம். பழைய அட்டவணையை வைத்து அளந்தால் இன்றைய பிள்ளைகள் எல்லாரும் மேதைகள், இன்றைய அட்டவணையை வைத்து அளந்தால் முன்னோர்கள் எல்லாரும் மந்தங்கள் என்று வரும், ஆகவே அட்டவணையை அடிக்கடி புதுப்பிக்கிறார்களாம். சில இடங்களில் ஏற்றம் நின்றும் விட்டதாம்.

"காரணம் என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஆளுக்கொண்டு சொல்லுறாங்கள்" என்றார். "சாப்பாடு நல்லதாம். உப்பிலை அயடீன் போடுறதாம். பூச்சி, காய்ச்சல் குறைவாம். வீட்டிலை பிள்ளையள் குறைவாம். கனகாலம் படிக்கிறதாம். எங்கை பாத்தாலும் படமும் குறியும் கிடக்கிறதாலை கண் பழகிப்போச்சாம். சோதினை எழுதி எழுதிப் பழகினதும் ஒரு காரணமாம். ஒண்டிலையும் முடிவு இல்லை."

"அப்ப எங்கடை பிள்ளையளுக்கு எது காரணம்?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கடை பிள்ளையளுக்குப் பரம்பரை. ஒழுங்கையிலை உள்ளதுகளுக்கு ரியூசன்."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. எழுபது வயது தாண்டிய, பாலங்கள் கட்டிய ஒரு மனிதர், தன் கண்ணால் திருத்திய பத்துத் தாளுக்குப் பிறகும் இப்படிப் பேசினார். இந்த மனிதருக்குத்தான் முப்பத்தொன்பது.

அண்ணன் சொன்ன காரணங்களை நான் தனியே இருந்து யோசித்தேன். அப்பாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். காலையில் ஆளுக்கு ஒரு சிரட்டைக் கஞ்சியோடு இரண்டு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனவர். ஆறு மாதத்துக்கு ஒருதரம் பேதி குடித்து வயிற்றுப் பூச்சியை வெளியேற்றிய பிள்ளை. வாழ்க்கையில் அப்படியொரு கேள்வித்தாளை அதற்குமுன் கண்டதே இல்லை. அந்த வயிற்றோடு, அந்தக் கேள்விகளில் நாற்பத்தொன்று எடுத்தது பெரிய காரியம்தான். அதை நான் கேலி செய்யவில்லை. அதற்காக அந்தப் பையனைத் தூக்கிக் கொஞ்சவும் தயார். அந்தப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு அவர் செய்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. தன் பசியையும் நடையையும் மறந்துவிட்டு, அதைப் பிறப்பில் வந்த சொத்து என்று எண்ணி, அந்தச் சொத்து இல்லாதவன் என்று ஒரு பிள்ளையைத் தள்ளிவைத்தார்.

அடுத்த கிழமை, பிழை திருத்துவதற்கு மலரின் அச்சுப் பிரதி என்னிடம் வந்தது. குடும்பக் கட்டுரையில் அண்ணன் எழுதியிருந்தார்: ‘அமரரின் பிள்ளைகளில் மூத்த இருவரும் தந்தையாரின் கூர்மதியைச் சுதந்தரித்தனர். கடைசி மகன் கடற்றொழில் சார்ந்த பணியில் ஈடுபட்டார்.’ அதற்குக் கீழே ஒரு சிறு பெட்டி. அப்பா, நாற்பத்தொன்று. அண்ணன், முப்பத்தொன்பது. நான், நாற்பது. தம்பிக்கு இடமே இல்லை. அண்ணன் அந்தப் பெட்டியை எடுத்துவிட மறந்து போகவில்லை, தெரிந்தேதான் விட்டிருந்தார். ஒழுங்கைப் பிள்ளைகளின் புள்ளிகள் எங்கும் அச்சாகப் போவதில்லையே, பிறகென்ன பயம்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மூடிவைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு மயிலிட்டி போகிற பஸ்ஸில் ஏறினேன். இந்த மலர் அச்சாகி முந்நூறு வீடுகளுக்குப் போகும். அதில் என் தம்பி ஒரு குறைப்பிறவியாக, நான் ஒரு கெட்டிக்காரியாக, என்றென்றைக்கும் இருக்கப்போகிறோம். அதற்குமுன் அவனிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று எனக்குப் பட்டது. அறுபத்தைந்து வயதான ஒருவனிடம், நீ மொக்கன் இல்லை, உன்னை அளந்த கோலே பிழை என்று சொல்லப் போனேன். சொன்னால் அவன் கண்கலங்குவான் என்று பஸ்ஸில் கற்பனை செய்துகொண்டு போனதையும் மறைக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கப் போகும்போதுகூட மேலே இருந்து இறங்கிப் போகிற பழக்கம் எங்களுக்கு.

தம்பியின் பட்டறை துறைமுகத்துக்குக் கிட்ட. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலமெல்லாம் எங்கெங்கோ இருந்து எஞ்சின் திருத்தியவன், இராணுவத்திடமிருந்து துறைமுகம் திரும்பக் கிடைத்ததும் முதல் ஆளாகப் போய்த் தகரக் கொட்டில் போட்டான். நான் போனபோது தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் ஒரு எஞ்சினின் விசிறியுள்ள அடிப்பாகத்தை இறக்கி ஓடவிட்டு, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் கையைக் காட்டி, பொறுக்கச் சொன்னான். சத்தத்தில் எதையோ பிடித்துக்கொண்டபின் நிறுத்தினான்.

"என்ன அக்கா, சொல்லாமல் வந்திருக்கிறியள்? அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?"

இல்லை என்றேன். கதிரையைத் துடைத்துப் போட்டான். நான் அச்சுப் பிரதியை அவன் கையில் கொடுத்தேன். கடற்றொழில் சார்ந்த பணி என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தான் போலிருந்தது.  நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய பேத்தியின் ஐம்பத்தேழு, ஒழுங்கைப் பிள்ளைகள், அப்பாவின் விடைத்தாளில் இருந்த கிணறு, அண்ணனை அப்பா பழக்கியது. கடைசியாக என்னுடையது.

"என்ரை நாப்பது பொய், தம்பி. நான் புத்தகத்தை எடுத்துப் பாத்திட்டுத்தான் எழுதினனான். அந்த வீட்டிலை பாக்காமல், பழகாமல் எழுதினது நீ மட்டும்தான்."

அவன் கைகளைச் சீலைத்துண்டில் துடைத்தான். கண் கலங்கவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் எடுத்தது. எனக்கு அப்ப ஏழு வயசு. கட்டிலுக்குப் பின்னாலை நிண்டு பாத்தனான். கடைசி நாள் நீங்கள் வேதப்புத்தகத்தைத் தலைகீழா வைச்சிட்டுப் போட்டியள். அப்பா கண்டா உங்களை அடிச்சே போடுவார். நான்தான் கதிரையிலை ஏறித் திருப்பி வைச்சனான்."

 அறுபது வருடமாக ஒருவருக்கும் தெரியாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்ததை, நான் மொக்கன் என்று நினைத்தவன் முதல் நாளிலிருந்தே அறிந்து வைத்திருக்கிறான். சிவப்பு மையில் திருத்திய கடிதங்களைப் பிரித்து வாசித்தபோதும் அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. அங்கேயே எனக்கு மானம் போயிற்று.

"அப்ப உன்ரை முறை வரேக்கை புத்தகம் எங்கை இருக்குது எண்டு உனக்குத் தெரியும்" என்றேன்.

"ஓம்."

"ஏன் நீ பாக்கேல்லை? பாத்திருந்தா உன்ரை வாழ்க்கையே வேறையாய்ப் போயிருக்குமே."

"இருக்கும்" என்றான். அவன் குரலில் கோபம் இருந்தது, அதை மறைக்க அவன் முயலவுமில்லை. "ஆனா அது என்ரை இல்லைத்தானே. உங்களைப் பாத்தனான் அக்கா. அந்தக் கேக் சாப்பிட்ட நாள் தொட்டு நீங்கள் ஒரு நாளும் நிம்மதியாய்ச் சிரிச்சு நான் காணேல்லை. எனக்கு அது வேண்டாம் எண்டு பட்டுது. இப்ப வந்து எனக்குச் சொல்லுறியள். உங்கடை பாரத்தை இறக்கிறதுக்கோ? எனக்கு ஒரு பாரமும் இல்லை. குறைவெண்டாலும் இருபத்துமூண்டும் என்ரை."

எஞ்சினுக்குச் சொந்தக்காரன் ஒருவன் வந்து வாசலில் நின்றான். தம்பி எழுந்தான். அச்சுப் பிரதியை என்னிடம் நீட்டினான்.

"அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, பெட்டி போடுறதெண்டா என்ரையையும் போடட்டாம். இருபத்துமூண்டு எண்டு."

அரியாலைக்குத் திரும்பி வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு என்னைக் கேட்டது இது: "சரி, களவெடுத்ததுதான். இப்ப ஆருக்குத் தெரியப்போகுது? நாப்பது எண்டே கிடக்கட்டும். மலர் வடிவாய் இருக்கும்."

வேண்டாம் என்றேன். அச்சுப் பிரதியை மேசையில் விரித்து, சிவப்பு மையால் தம்பியின் பெயரை எழுதி, அதற்கு நேரே இருபத்துமூன்று என்று எழுதினேன். கடற்றொழில் வசனத்தை வெட்டினேன். என் பெயருக்கு நேரே இருந்த நாற்பதையும் வெட்டினேன்.

"அப்ப உனக்கு நேரை என்ன போடுறது?" என்று கேட்டார் அண்ணன், பேனாவையே பார்த்துக்கொண்டு.

எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. அந்தப் புத்தகத்தின் அறுபது விடையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம், ஆகவே இனிச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. மலர் அச்சாகி வந்தபோது அப்பாவுக்கு, அண்ணனுக்கு, தம்பிக்கு ஒவ்வோர் எண் இருந்தது. எனக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது.